ஊர் வரலாற்றுக் குழுக்களும் சிறு அருங்காட்சியகங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் ஆசிரியர்களும் ஓய்வுபெற்ற அலுவலர்களும் கல்லூரி மாணவர்களும் சேர்ந்து நடத்தும் வரலாற்றுக் குழுக்களிடமும், ஓர் அறை, இரண்டு அறைகளில் இயங்கும் அருங்காட்சியகங்களிடமும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை. சட்டம், களப்பணி, பராமரிப்பு, பணம் எல்லாம் கலந்தே இருக்கும். வேண்டியதை மட்டும் படித்துக்கொள்ளலாம்.

அரசு அருங்காட்சியகம், அகழ்வைப்பகம், வரலாற்று ஆய்வு மையம் என்று பல பெயர்கள் அடிபடுகின்றன. எது யாருடையது?

மூன்று வகையாகப் பிரித்துக்கொண்டால் குழப்பம் வராது. முதலாவது, தமிழ்நாடு அரசு அருங்காட்சியகங்கள் துறை. 1851இல் தொடங்கிய சென்னை அருங்காட்சியகம்தான் அதற்குத் தலைமை. பெரும்பாலான மாவட்ட அருங்காட்சியகங்கள் அதன் கீழ் வருகின்றன. புதுக்கோட்டை திருக்கோகர்ணத்தில் உள்ளது 1910இல் சமஸ்தானம் தொடங்கியது, பிறகு அரசுக்கு வந்தது. இரண்டாவது, 1961இல் உருவான மாநிலத் தொல்லியல் துறை. அகழாய்வு நடந்த இடங்களிலும் வரலாற்றுச் சின்னங்களிலும் அது நடத்துபவைதான் அகழ்வைப்பகங்கள். தரங்கம்பாடி டேனிஷ் கோட்டையில் இருப்பதும், கீழடிக்காக 2023இல் கொந்தகையில் திறக்கப்பட்டதும் இதில் சேரும். மூன்றாவது, அரசு சாராதவை: அறக்கட்டளைகள், கல்லூரிகள், மடங்கள், தனியார் நடத்தும் காட்சிக்கூடங்கள், காட்சிக்கூடமே இல்லாமல் களப்பணி மட்டும் செய்யும் ஆய்வுக் குழுக்கள்.

இந்தப் பிரிவு தெரியாமல் போனால் மனு தவறான அலுவலகத்தில் மாதக்கணக்கில் கிடக்கும். கிடைத்த புதையல் பொருள் பற்றிய கடிதம் வட்டாட்சியருக்கு. கோயில் கல்வெட்டைப் படியெடுக்க அனுமதி கோயில் நிர்வாகத்திடமும், பாதுகாக்கப்பட்ட சின்னமாக இருந்தால் உரிய தொல்லியல் துறையிடமும். காட்சிப்படுத்துவதில் ஆலோசனை வேண்டுமென்றால் மாவட்ட அருங்காட்சியகத்தை நிர்வகிக்கும் காப்பாட்சியரிடம்.

விடுமுறை நாளும் இடத்துக்கு இடம் மாறும். எழும்பூரிலுள்ள சென்னை அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. மாணவர்களைப் பேருந்தில் ஏற்றுவதற்கு முன் தொலைபேசியில் கேட்டுவிடுங்கள்.

எங்கள் மாவட்டத்தில் ஏற்கெனவே குழு இருக்கிறதா என்று எப்படி அறிவது?

புதுக்கோட்டை, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை, இராமநாதபுரம், மதுரை போன்ற இடங்களில் நெடுநாளாகத் தீவிரமாக இயங்கும் குழுக்கள் உள்ளன. மற்ற இடங்களுக்கு எளிய வழி, தஞ்சாவூரிலுள்ள தொல்லியல் கழகம் ஆண்டுதோறும் வெளியிடும் 'ஆவணம்' இதழ்களைப் புரட்டுவது. 1991 முதல் வருகிறது. உங்கள் வட்டத்தில் கண்டெடுத்த கல்வெட்டை யார் பதிவு செய்திருக்கிறார் என்று பார்த்தால் ஆள் கிடைத்துவிடுவார். மாவட்டக் காப்பாட்சியரும் மாவட்டத் தொல்லியல் அலுவலரும் எல்லோரையும் அறிந்திருப்பார்கள். அரசுப் பள்ளிகளில் தொன்மைப் பாதுகாப்பு மன்றம் இருந்தால் அதன் பொறுப்பாசிரியரையும் பாருங்கள்.

இருக்கும் குழுவில் சேர்ந்து ஓராண்டு களத்துக்குப் போய்விட்டுப் புதுக் குழுவைப் பற்றி யோசிப்பது நல்லது. ஒரே மாவட்டத்தில் இரண்டு குழுக்கள் ஒரே நடுகல்லைத் தனித்தனியே 'கண்டுபிடித்து' நாளிதழுக்குச் செய்தி கொடுப்பது அடிக்கடி நடக்கிறது.

சங்கமாகப் பதிவு செய்வதா, அறக்கட்டளையாகவா?

களப்பணி மட்டும் என்றால் முதலில் எதுவும் வேண்டியதில்லை. வங்கிக் கணக்கு, நன்கொடை, வாடகைக் கட்டடம் என்று வரும்போதுதான் தேவை எழும்.

சங்கம் என்றால் 1975ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி குறைந்தது 7 பேர் வேண்டும். சங்க விவரக்குறிப்பும் விதிகளும் எழுதி மாவட்டப் பதிவாளரிடம் பதிய வேண்டும். ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்டி, கணக்கையும் நிர்வாகிகள் பட்டியலையும் தாக்கல் செய்ய வேண்டும். பெரும்பாலான குழுக்கள் தடுக்கி விழுவது இங்கேதான். முதல் ஆண்டு உற்சாகத்தில் செய்வார்கள், மூன்றாம் ஆண்டிலிருந்து விட்டுவிடுவார்கள். பிறகு மானியத்துக்கு விண்ணப்பிக்கும்போது விட்ட ஆண்டுகள் எல்லாவற்றுக்கும் சேர்த்துத் தாக்கல் செய்து அபராதமும் கட்ட நேரும்.

அறக்கட்டளை என்றால் பத்திரம் எழுதிச் சார்பதிவாளரிடம் பதிவு செய்தால் போதும். அறங்காவலர் சிலரே முடிவெடுக்கலாம். நிர்வாகம் சுலபம். ஆனால் அந்தச் சிலர் ஒரே குடும்பத்தவராக இருந்தால், அடுத்த தலைமுறையில் பொருட்கள் குடும்பச் சொத்தாகவே கருதப்பட்டுவிடும். பொருட்களைச் சேகரிக்கப் போகிறீர்கள் என்றால் குடும்பத்துக்கு வெளியிலிருந்தும் அறங்காவலர்கள் வேண்டும் என்று பத்திரத்திலேயே எழுதிவிடுங்கள்.

வீட்டுக்குக் கடைக்கால் தோண்டும்போது சிலையோ காசுக் குடமோ கிடைத்தது. ஊர் அருங்காட்சியகத்திலேயே வைத்துக்கொள்ளலாமா?

கூடாது. 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. மண்ணுக்குள் மறைந்து கிடந்த, மதிப்புள்ள எதுவும் அதன்படி புதையல். அது 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதானால், கண்டெடுத்தவர் பொருளின் தன்மை, தோராய மதிப்பு, கிடைத்த இடம், நாள் ஆகியவற்றை எழுத்துமூலம் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். நடைமுறையில் கிராம நிர்வாக அலுவலரிடம் சொன்னால் அவர் வட்டாட்சியருக்குத் தெரிவித்து, பொருள் வட்டாட்சியர் அலுவலகத்துக்கோ கருவூலத்துக்கோ போகும். மறைத்தால் கண்டெடுத்தவர் தம் பங்கை இழப்பார். ஓராண்டு வரை சிறைத் தண்டனையும் உண்டு. அரசு பொருளை எடுத்துக்கொள்ள முடிவு செய்தால், மூலப்பொருளின் மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கூடுதலாகச் சேர்த்துத் தரச் சட்டம் இடம் தருகிறது. ஊரில் இதை யாரும் சொல்வதில்லை. 'அரசாங்கம் பிடுங்கிக்கொள்ளும்' என்ற பேச்சுதான் பரவியிருக்கிறது, அதனாலேயே பல பொருட்கள் காணாமல் போகின்றன.

குழு செய்ய வேண்டிய வேலை வேறு. பொருள் நகர்வதற்குள் குழியையும், பொருள் கிடந்த ஆழத்தையும், கூடவே கிடந்த பானை ஓடுகளையும் படமெடுத்து, அளந்து, எழுதிவைப்பது. பொருள் எழும்பூருக்குப் போனாலும், அது எந்த மண்ணடுக்கில் எதன் பக்கத்தில் கிடந்தது என்ற செய்தி உங்கள் ஏட்டில் மட்டும்தான் இருக்கும். சிலைக்கு எலுமிச்சை தேய்த்துக் குளிப்பாட்டி மாலை போடுவதற்குள் போய்ச் சேர்ந்தால் நல்லது.

அப்படியானால் சிறு அருங்காட்சியகத்தில் எதைத்தான் வைப்பது?

நிறையவே இருக்கிறது. கவலை ஏற்றம், கமலைச் சால், மரக்கால், படி, உழக்கு, நெசவுத் தறிப் பாகங்கள், கொல்லர் பட்டறைத் துருத்தி, நாடக நோட்டீஸ், பள்ளி வருகைப் பதிவேடு, கூட்டுறவுச் சங்கத் தீர்மானப் புத்தகம், ரயில்வே விளக்கு, திருமண அழைப்பிதழ், கணக்குப்பிள்ளை எழுதிய ஓலை. இவற்றில் பெரும்பாலானவை எடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. ஐம்பொன் சிலை எப்படியும் காப்பாற்றப்படும். 1950களின் அரிசி ஆலைப் பேரேட்டைக் காப்பாற்ற உங்களைத் தவிர ஆள் இல்லை.

100 ஆண்டுக்கு மேற்பட்ட தொல்பொருட்களுக்கும், 75 ஆண்டுக்குக் குறையாத முக்கியச் சுவடிகளுக்கும் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைப் பொக்கிஷங்கள் சட்டம் பொருந்தும். கல், உலோகம், சுடுமண், தந்தம், எலும்பு, மரச் சிற்பங்களும், ஓவியங்களும், ஓவியம் உள்ள சுவடிகளும் தொல்பொருள் பதிவு அலுவலரிடம் பதியப்பட்டிருக்க வேண்டும். யாராவது பழைய கற்சிலையை 'நன்கொடை' என்று காரில் கொண்டுவந்து இறக்கினால் முதலில் பதிவுச் சான்றைக் கேளுங்கள். இல்லையென்றால் வாங்காதீர்கள். அது எந்தக் கோயிலிலிருந்து பெயர்ந்தது என்று பிற்பாடு காவல்துறை கேட்கும்போது, பதில் சொல்ல வேண்டியவர் பொருளை வைத்திருப்பவர்.

ஏரிக்கரையில் முதுமக்கள் தாழி தெரிகிறது. மழைக்குள் எடுத்துவிடலாமா?

எடுக்கக் கூடாது. அகழாய்வுக்கு இந்தியத் தொல்லியல் துறையின் அனுமதி வேண்டும். தனிநபருக்கோ குழுவுக்கோ அது கிடைக்காது. சட்டத்தை விட்டாலும், தாழியின் மதிப்பு அதற்குள் இருக்கும் மண்ணிலும் எலும்பிலும்தான் இருக்கிறது. வெறும் தாழியாகத் தூக்கியதும் முக்கால்வாசிச் செய்தி போய்விடும். விளிம்பு விட்டம், சுவர்த் தடிமன், நிறம், தாழிகளின் எண்ணிக்கை, ஒன்றுக்கொன்று இடைவெளி, அட்சரேகை, தீர்க்கரேகை ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, வட்டாட்சியருக்கும் தொல்லியல் துறைக்கும் ஒரே நாளில் கடிதம் அனுப்புங்கள். மண் அள்ளும் இயந்திரம் நெருங்கிக்கொண்டிருந்தால் கடிதத்தில் அதை முதல் வரியாகவே எழுதுங்கள்.

புதிய கல்வெட்டு என்று எப்படி உறுதி செய்வது?

'இதுவரை யாரும் படிக்காத கல்வெட்டு' என்று அறிவிக்கப்படும் பல, நூறாண்டுக்கு முன்பே பட்டியலில் ஏறியவை. இந்தியக் கல்வெட்டு ஆண்டறிக்கைகள் 1887 முதல் உள்ளன. தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதிகள், மாநிலத் தொல்லியல் துறையின் மாவட்டத் தொகுதிகள், புதுக்கோட்டைப் பகுதிக்கு சமஸ்தானம் 1929இல் வெளியிட்ட கல்வெட்டுத் தொகுப்பு, பிறகு 'ஆவணம்' இதழ்கள் என்ற வரிசையில் தேடுங்கள்.

தேடும்போது பழைய மாவட்ட எல்லையை மனத்தில் வையுங்கள். கிருஷ்ணகிரி, தருமபுரி, நாமக்கல் ஊர்கள் பழைய பட்டியலில் சேலத்தின் கீழ் இருக்கும். கரூர், பெரம்பலூர், அரியலூர் திருச்சிராப்பள்ளியில். திருவண்ணாமலை வட ஆற்காட்டில். விழுப்புரம், கள்ளக்குறிச்சி தென் ஆற்காட்டில். ஊர்ப்பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டும் வேறாக இருக்கும். ஒரே ஊருக்கு மூன்று நான்கு வடிவங்களைத் தேட வேண்டி வரும். பட்டியலில் இருக்கும் கல்வெட்டு என்று தெரிந்தால் ஏமாற்றமடையத் தேவையில்லை. பட்டியலில் வந்தும் முழு வாசகம் அச்சேறாதவை ஏராளம். அன்று முழுதாக இருந்த கல் இன்று எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்ற பதிவும் வேண்டியதுதான்.

கல்வெட்டெழுத்தைத் தாளில் மையால் ஒற்றும் மைப்படி எடுப்பது எப்படி? எங்கே தவறுகிறது?

அனுமதி வாங்கிய பிறகு கல்லைப் பாருங்கள். பொரிந்து உதிரும் கல், காரை பூசிய கல், வண்ணப்பூச்சு ஒட்டிய கல் என்றால் மைப்படி வேண்டாம். தாள் உரியும்போது கல்லின் மேற்பரப்பும் சேர்ந்து வரும்.

நல்ல கருங்கல் என்றால் நைலான் அல்லது தேங்காய் நார் தூரிகையால் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். கம்பித் தூரிகையும் அமிலமும் கூடவே கூடாது. தடித்த தாளை நனைத்துக் கல்லில் ஒட்டி, காற்றுக் குமிழ் இல்லாமல் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளுங்கள். பிறகு அடிக்கும் தூரிகையால் செங்குத்தாகத் தட்டினால் தாள் எழுத்துப் பள்ளங்களில் இறங்கும். தாள் கிழிந்த இடத்தில் சிறு துண்டை நனைத்து மேலே வைத்துத் தட்டினால் ஒட்டிக்கொள்ளும்.

இனிப் பொறுமை வேண்டும். ஈரம் பாதி வாங்கியதும் மை ஒற்றலாம். விளக்குக் கரியும் பிசினும் சேர்த்த மையைத் தட்டில் தடவி, பஞ்சை வைத்துத் துணி கட்டிய ஒற்றியில் மிகக் கொஞ்சமாக எடுத்து, மெல்ல மெல்ல ஒற்றுங்கள். மேடு கறுக்கும், பள்ளமான எழுத்து வெள்ளையாக நிற்கும். முழு ஈரத்தில் ஒற்றினால் மை ஊடுருவி எழுத்தும் கறுத்து, கல்லும் கறைபடும். முற்றும் காய்ந்துவிட்டால் தாள் தானாகப் பெயர்ந்துவிடும். உச்சி வெயிலிலும் பலத்த காற்றிலும் இதுதான் நடக்கும். காலையிலோ நிழல் விழுந்த பிறகோ வேலையைத் தொடங்குங்கள்.

ஒரே தாளில் அடங்காத கல்வெட்டென்றால் ஒவ்வொரு தாளும் அடுத்ததன் மேல் ஒரு சாண் ஏறியிருக்கட்டும். உரித்த உடனே பின்புறம் பென்சிலில் ஊர், கட்டடம், சுவரின் திசை, வரிசை எண், மேல்பக்கம் எது, நாள் ஆகியவற்றை எழுதுங்கள். வீட்டுக்குப் போய் எழுதலாம் என்று சுருட்டி வைத்த தாள்கள்தான் பிற்பாடு எந்தக் கோயிலென்றே தெரியாமல் பரண்மேல் கிடக்கின்றன. மடிக்காமல் குழாயில் சுருட்டி வையுங்கள்.

எழுத்து தெரியக் கோலமாவோ சுண்ணாம்போ பூசலாமா?

பூசாதீர்கள். அரிசி மாவு பூச்சியையும் பூஞ்சையையும் அழைத்துவரும். சுண்ணாம்பு காற்றுப்பட்டுக் கெட்டியாகிக் கல்லோடு ஒட்டிவிடும். அடுத்து வருபவருக்கு எழுத்தே தெரியாது. பெயிண்டால் எழுத்தைத் தீட்டுவது அதைவிட மோசம். தீட்டுபவர் தாம் படித்தபடி தீட்டுவார், அவர் வாசிப்புப் பிழை கல்லிலேயே ஏறிவிடும்.

வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால் போதும். இருட்டிய பிறகு டார்ச்சைக் கல்லின் பரப்போடு 10 முதல் 20 பாகை கோணத்தில் பிடித்து, இடம், வலம், மேல், கீழ் என நான்கு பக்கமிருந்தும் தனித்தனிப் படமெடுங்கள். பகலில் என்றால் கல்லைத் துணியால் நிழலாக்கி, கண்ணாடியில் வெயிலைப் பிடித்துப் பக்கவாட்டில் பாய்ச்சலாம். கேமராவைக் கல்லுக்கு நேர் எதிரே வையுங்கள். அளவுகோலோடு ஒரு படம், இல்லாமல் ஒரு படம், கல் நிற்கும் சூழலோடு ஒரு படம்.

நடுகல்லை வேடியப்பனாக ஊரார் கும்பிடுகிறார்கள். பாதுகாக்க அருங்காட்சியகத்துக்கு மாற்றலாமா?

கிருஷ்ணகிரி, தருமபுரி, திருவண்ணாமலைப் பக்கம் பல நடுகற்கள் இப்படித்தான் உயிரோடு இருக்கின்றன. வழிபாடு உள்ள கல்லுக்குக் காவலாளி தேவையில்லை, ஊரே காவல். பூசாரியிடமும் ஊர்ப் பெரியவர்களிடமும் பேசி, எண்ணெய் பூசுவதற்கு முன் ஒருநாள் படமெடுக்க நேரம் கேளுங்கள். செங்கம், தருமபுரி வட்டாரப் பழைய கற்களில் வட்டெழுத்து என்ற பழந்தமிழ் எழுத்து இருக்க வாய்ப்புண்டு, அதனால் உருவத்தோடு நின்றுவிடாமல் மேல் விளிம்பையும் ஓரங்களையும் தடவிப் பாருங்கள். சாலை விரிவாக்கத்தில் அகற்றப்படும் கல்லுக்கு மட்டுமே இடமாற்றம் பொருந்தும். அப்போதும் வருவாய்த் துறை வழியாக, எழுத்துமூலம்.

பொருட்பதிவேட்டை எப்படி எழுதுவது?

சிறு அருங்காட்சியகத்தில் ஒரே ஒரு பொருளைத்தான் தீயிலிருந்து காப்பாற்ற முடியும் என்றால், அது பதிவேடாக இருக்க வேண்டும். பதிவு இல்லாத மரக்கால் வெறும் மரக்கால். இன்ன ஊரில் இன்ன களத்தில் கூலி அளந்த மரக்கால் என்று எழுதியிருந்தால் அதைக் கொண்டு அந்த ஊரின் கூலி முறையையே ஆராயலாம்.

பக்க எண் அச்சிட்ட, தைத்த, கெட்டி அட்டைப் பதிவேட்டை வாங்குங்கள். தாள் கழற்றிப் போடும் கோப்பு வேண்டாம். எண் மூன்று பகுதியாக இருக்கட்டும்: ஆண்டு, அந்த ஆண்டில் எத்தனையாவது வரவு, அந்த வரவில் எத்தனையாவது பொருள். 2025.14.3 என்றால் 2025இல் பதினான்காவதாகக் கொடுத்தவரின் மூன்றாவது பொருள். பெயர், உள்ளூர் வழக்குப் பெயர், செய்பொருள், அளவு, நிலை, கொடுத்தவர், பொருள் பயன்பட்ட ஊர், கொடுத்தவர் சொன்ன செய்தி, வந்த நாள், வைத்திருக்கும் இடம் ஆகிய கட்டங்கள் போதும். நிலைக் கட்டத்தில் 'நன்று' என்று எழுதுவதில் பயனில்லை. 'கைப்பிடியில் 4 செ.மீ. விரிசல், அடியில் கரையான் அரிப்பு' என்று எழுதினால்தான் அடுத்த ஆண்டு அது கூடியிருக்கிறதா என்று தெரியும். அடித்துத் திருத்தினால் பழைய எழுத்து தெரியட்டும். வெள்ளை மை பூசாதீர்கள். ஒரு பொருள் போய்விட்டாலும் அதன் எண்ணை வேறொன்றுக்குத் தராதீர்கள்.

கணினிப் பட்டியல் கூடவே இருக்கட்டும். ஆனால் மூலம் கைப்பதிவேடுதான். அதன் ஒளிப்படம் வேறொரு கட்டடத்தில் இருக்க வேண்டும்.

கொடுப்பவரிடம் ஒரு பக்கத் தானக் கடிதத்தில் கையெழுத்து வாங்குங்கள். 'முழு உரிமையோடு கொடுத்தேன், காட்சிக்கு வைக்கவும், படமெடுத்து வெளியிடவும், தேவைப்பட்டால் வேறு அருங்காட்சியகத்துக்கு மாற்றவும் சம்மதம்' என்பது அதில் இருக்க வேண்டும். 'இருக்கட்டும், வேண்டும்போது எடுத்துக்கொள்கிறேன்' என்று விட்டுப்போவதை ஏற்காதீர்கள். இரவல் என்றால் திருப்பித் தரும் நாளோடு தனிப் பதிவேட்டில் எழுதுங்கள். பேரன் வந்து கேட்கும் நாளில் சண்டை வராமலிருக்க இந்தத் தாள் ஒன்றே துணை.

பொருளின் மேல் எண்ணை எப்படி எழுதுவது?

கல், உலோகம், வழவழப்பான மரம், பானை ஓடு: கண்ணில் படாத இடத்தில் பாரலாய்டு பி-72 பிசினை அசிட்டோனில் கரைத்து மெல்லப் பூசி, காய்ந்ததும் நிறமி மையில் எழுதி, மேலே இன்னொரு பூச்சு. வேண்டாமென்றால் அசிட்டோனால் துடைத்துவிடலாம். நகப்பூச்சு மலிவுதான், ஆனால் மஞ்சளித்து உரிந்துவிடும், எண்ணும் அதோடு போகும். தாளுக்கு மென்மையான பென்சில், பின்புற மூலையில். துணிக்கு, எண் எழுதிய பருத்தி நாடாவை இரண்டு தையலில் பொருத்துங்கள். ஓலைக்கு எதுவும் எழுத வேண்டாம். கட்டோடு சீட்டைக் கட்டுங்கள். செல்லோடேப், ஸ்டேப்ளர் முள், ரப்பர் பேண்டு ஆகியவற்றை அறைக்குள்ளேயே விடாதீர்கள்.

ஓலைச்சுவடிக் கட்டு வந்திருக்கிறது. எண்ணெய் பூச வேண்டுமா?

வந்த அன்றைக்கே எண்ணெயைத் தேடாதீர்கள். முதலில் மற்றப் பொருட்களோடு சேர்க்காமல் தனியே வைத்து, வெள்ளைத்தாள் விரித்து இரண்டு வாரம் பாருங்கள். தாளில் பொடி உதிர்ந்தால் உள்ளே பூச்சி உயிரோடு இருக்கிறது. பாலிதீன் பையில் காற்றை நீக்கி இறுக மூடி, மைனஸ் 20 டிகிரி உறைபெட்டியில் இரண்டு வாரம் வைத்தால் முட்டையும் சாகும். வெளியே எடுத்த பின் ஒருநாள் முழுக்கப் பையைத் திறக்கக் கூடாது. திறந்தால் ஓலைமேல் நீர் கோத்துக்கொள்ளும்.

கயிற்றை அவிழ்க்கும் முன் கட்டை எல்லாப் பக்கமும் படமெடுங்கள். பெரும்பாலும் இடது ஓரத்தில் தமிழ் எண்ணில் ஏட்டு எண் இருக்கும். அதைக் குறித்துக்கொண்டே ஒவ்வொன்றாக எடுங்கள். மென்மையான உலர் தூரிகையால் தூசி தட்டினால் போதும். எலுமிச்சைப்புல் எண்ணெய் வளைதன்மையைத் திருப்பும், பூச்சியையும் விரட்டும். ஆனால் மிகுந்தால் தூசியைப் பிடித்து ஏடுகளை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும். மையாடலும் (கீறிய எழுத்து தெரியக் கரி தேய்ப்பது) எண்ணெயும், பழகியவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். ஒட்டிக்கொண்ட ஏடுகளைக் கத்தியால் நெம்பாதீர்கள். லேமினேஷன் செய்தால் திரும்பப் பெற வழியில்லை.

அட்டவணைக்கு ஏட்டு எண்ணிக்கை, நீள அகலம், பக்கத்துக்கு எத்தனை வரி, முதல் ஏட்டின் தொடக்கம், கடைசி ஏட்டின் முடிவு ஆகியவை வேண்டும். எழுதியவர் பெயரும் நாளும் பெரும்பாலும் முடிவில் இருக்கும். பெரிய தொகுப்பென்றால் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம், தஞ்சாவூர் சரசுவதி மகால், தமிழ் இணையக் கல்விக்கழகம் ஆகியவற்றைக் கேளுங்கள். மின்படியாக்கத்துக்கு ஏட்டைக் கொடுத்துவிட வேண்டும் என்பதில்லை.

செப்புப் பாத்திரத்தில் பச்சை படிந்திருக்கிறது. புளி போட்டு விளக்கலாமா?

இறுக்கமான, வழவழப்பான பச்சை நல்லது. அது உலோகத்தைக் காக்கும் படலம். விட்டுவிடுங்கள். தொட்டால் உதிரும் வெளிர்பச்சைப் பொடி மட்டும் நோய். உலோகத்துக்குள் இறங்கிய குளோரைடு ஈரத்தோடு சேர்ந்து அரிக்கிறது. கடலோர ஊர்களில் மிகுதி. புளி, எலுமிச்சை, பித்தளை பாலிஷ் எல்லாம் மேற்பரப்பைத் தின்னும்; பொறித்த பெயரும் தேயும். நோய்ப்பட்ட பொருளை இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டியில், பொருளின் எடை அளவுக்குச் சிலிகா ஜெல்லோடு வைத்து, ஈரப்பதம் 40 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கிறதா என்று பெட்டிக்குள் ஒரு மானி வைத்துப் பாருங்கள். ஜெல் நிறம் மாறினால் அடுப்பில் உலர்த்தி மீண்டும் பயன்படுத்தலாம்.

காட்சியறைக்கு ஏ.சி. அவசியமா?

பகலில் ஓடி இரவில் நிற்கும் ஏ.சி. இல்லாமலிருப்பதே மேல். நாளுக்கு ஒருமுறை ஈரம் ஏறி இறங்கினால் மரம் பிளக்கும், சுவடி சுருளும். தடித்த சுவர், உயரமான கூரை, எதிரெதிர் சன்னல் உள்ள பழைய கட்டடம் சீராகவே இருக்கும். ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டி நின்றால் பூஞ்சை வரும். அப்போது முதலில் தேட வேண்டியது கூரை ஒழுக்கையும் அடைபட்ட மழைநீர்க் குழாயையும்தான்.

தாள், துணி, ஓலை, ஓவியத்துக்கு 50 லக்ஸ் வெளிச்சம் போதும். கைப்பேசிச் செயலியிலேயே தோராயமாக அளக்கலாம். வெளிச்சக் கேடு மீளாதது, கூடிக்கொண்டே போவது. பழைய ஒளிப்படத்தின் மூலத்தை உள்ளே வைத்து நகலைச் சுவரில் மாட்டுங்கள்; பார்ப்பவர் யாரும் குறைசொல்ல மாட்டார்கள். அலமாரி தரையிலிருந்து 15 செ.மீ. உயரத்திலும் சுவரிலிருந்து ஒரு கை அகலம் தள்ளியும் நிற்கட்டும், கரையான் ஏறினால் கண்ணில் படும். புது பிளைவுட் பெட்டியிலிருந்து கசியும் ஆவி உலோகத்தையும் தாளையும் கெடுக்கும். உடனே மூடாமல் சில வாரம் திறந்து காற்றாட விடுங்கள்.

பெரியவர்களிடம் வாய்மொழி வரலாறு பதிவு செய்யும்போது?

மின்விசிறியை நிறுத்துங்கள். கேட்கும்போது தோன்றாத இரைச்சல் பதிவில் பேச்சை மூடிவிடும். வாட்ஸ்அப் குரல்பதிவில் எடுக்காமல், 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் (WAV) ஒலிக்கோப்பாகப் பதியுங்கள். தொடக்கத்தில் நாள், இடம், பேசுபவர் பெயரை நீங்களே சொல்லுங்கள்; சம்மதத்தையும் பதிவிலேயே கேட்டு வாங்குங்கள். 'அந்தக் காலம் எப்படி இருந்தது?' என்றால் பொதுவான பெருமூச்சுதான் கிடைக்கும். 'மடை திறக்கும் நீர்க்கட்டி ஆளுக்கு என்ன கூலி கொடுத்தீர்கள்?' என்று கேட்டால் முறை, அளவு, தகராறு எல்லாம் வரும். பழைய படமோ கருவியோ கையில் கொடுத்துக் கேட்பது இன்னும் நல்லது. சாதி, நிலத் தகராறு பற்றி உயிரோடிருப்பவர்களைப் பெயர்சொல்லிப் பேசிய பகுதிகளைக் காப்பில் வைக்கலாம், வெளியிட வேண்டாம்.

ஊரின் பழைய நில ஆவணம் எங்கே கிடைக்கும்?

எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில். பைமாஷ் கணக்கு (பழைய நில அளவைக் கணக்கு), இனாம் பதிவேடு (மானிய நிலங்களின் பதிவேடு), செட்டில்மென்ட் பதிவேடு (நிலவரி நிர்ணயப் பதிவேடு) ஆகியவை தொடக்கத்துக்கு நல்லவை. அனுமதிக்கு விண்ணப்பமும் பரிந்துரைக் கடிதமும் எடுத்துப்போங்கள். ஊர், பழைய வட்டம், பழைய மாவட்டம், தோராய ஆண்டு இல்லாமல் 'எங்கள் ஊர் பற்றி என்ன இருக்கிறது' என்று கேட்டால் எதுவும் வராது.

நாளிதழுக்குச் செய்தி எப்போது கொடுப்பது?

வாசகத்தைக் குறைந்தது இரண்டு பேர் தனித்தனியே படித்து ஒத்துப்போன பிறகு. எழுத்தமைதியை, அதாவது எழுத்தின் வடிவத்தை, மட்டும் வைத்துக் காலம் சொன்னால் 'பத்தாம் நூற்றாண்டு' என்று நூற்றாண்டோடு நிறுத்துங்கள். '1,047 ஆண்டுப் பழமை' என்பது அரசனின் ஆட்சியாண்டு கல்லிலேயே இருந்தால்தான் பொருந்தும். காசு, சிலை போன்றவை என்றால் சரியான இடத்தைச் செய்தியில் சொல்லாதீர்கள். மறுவாரமே கடப்பாரையோடு ஆள் வரும்.

வெளிநாட்டிலுள்ள ஊர்க்காரர்கள் பணம் அனுப்பத் தயார். வாங்கலாமா?

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியே அனுப்பினால் வாங்கலாம். கடவுச்சீட்டு நகலை வாங்கிக் கோப்பில் வையுங்கள். அயல்நாட்டுக் குடியுரிமை பெற்றவர் அனுப்பினால், அவர் உங்கள் பக்கத்து வீட்டுக்காரராகவே இருந்தாலும், அது அயல்நாட்டு நன்கொடை. அதற்கான 2010ஆம் ஆண்டுச் சட்டப் பதிவு இல்லாமல் ஒரு ரூபாயும் வாங்கக் கூடாது. உள்ளூர் நன்கொடையில் வருமான வரிச்சலுகை தரும் பதிவு உங்களுக்கு இருந்தாலும், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தவருக்குச் சலுகை கிடையாது.

பணம் வந்ததும் கட்டடம் கட்டத் தொடங்கிவிடுவது வழக்கம். கட்டடத்துக்குக் கொடுப்பார்கள், கல்வெட்டில் பெயர் வரும் என்பதால். மின்கட்டணத்துக்கும், கதவு திறந்து மூடுபவர் சம்பளத்துக்கும் கொடுக்க ஆள் வராது. ஐந்தாண்டு நடத்தும் செலவைக் கணக்கிட்டு அதைத் தனி வைப்புத்தொகையாகப் போட்ட பிறகு அடிக்கல் நாட்டுங்கள்.

நடத்துபவர் முடியாமல் போனால் பொருட்கள் என்னவாகும்?

பெரும்பாலும் பூட்டிய அறையில் கரையானுக்குப் போகும், அல்லது பழைய பொருள் வியாபாரி மொத்தமாக வாங்கிப்போவார். சங்க விதியிலோ அறக்கட்டளைப் பத்திரத்திலோ, கலைந்தால் தொகுப்பு எந்த வகை நிறுவனத்துக்குப் போகும் என்று முதலிலேயே எழுதுங்கள்: அதே நோக்கமுள்ள வேறொரு பதிவுபெற்ற அமைப்பு, மாவட்ட அரசு அருங்காட்சியகம், பல்கலைக்கழகம். அந்த நிறுவனத்திடம் முன்கூட்டியே பேசிவையுங்கள், எல்லாவற்றையும் ஏற்க இடம் இருக்காது என்பார்கள். பதிவேடும் தானக் கடிதமும் உள்ள பொருட்களை எடுத்துக்கொள்வார்கள். இல்லாதவற்றை எவ்வளவு அழகானதாக இருந்தாலும் தயங்குவார்கள். சாவி, பதிவேட்டின் நகல், வங்கிக் கணக்கில் கையெழுத்துரிமை ஆகியவை எப்போதும் இரண்டு பேரிடமாவது இருக்கட்டும். அந்த இருவரில் ஒருவர் நாற்பது வயதுக்குக் கீழே உள்ளவராக.